வைலோமாக்காரி எடுத்துக்கொண்ட நாற்காலி

காபி ட்ராலி முதுகில் விழுந்தபோதும் வாசெமாதாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. அன்றைக்கு விமானத்தில் இருந்த பயணிகள் எல்லோரும் பிற்பாடு ஒரே குரலில் சொன்ன விஷயம் அது. நாடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் நடுக்கடலுக்கு மேலே திடீரென்று தொப்பென்று இறங்கியது. ட்ராலி கூரை வரைக்கும் போய் முட்டிவிட்டுத் திரும்பியது. திரும்பி வந்து இறங்கின இடம் அவளுடைய இடுப்புக்குச் சற்று மேலே. நடைபாதையில் குப்புறக் கிடந்தபடி, "ஒண்ணுமில்ல, பெல்ட்டை மட்டும் இறுக்கிக்குங்க" என்று சிரித்தாள். பயணிக்கு முன்னால் முகம் மாறக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, அழுகை வந்தாலும் அது சிரிப்பின் வழியாகத்தான் வெளியே வரும்.

கோரல் ஏர் கம்பெனி அந்தச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பலமாக அடிபட்டவர் சிரிப்பாரா என்று கேட்டது. பெல்ட் விளக்கு எரிந்தால் பயணி உட்கார வேண்டும், ஊழியர் மட்டும் காபி கொடுத்து முடிக்க வேண்டும் என்று விதி போட்டதும் அதே கம்பெனிதான். அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. உடம்பைத் தேற்றிக்கொள்ள ஒரு தவணை கொடுத்தார்கள். அது இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் பறக்கத் தகுதி என்று டாக்டர் எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகள்கள் இரண்டு பேர். கணவர் வைசாக்கே ஊர்ப் பையன்களுக்கு ரக்பி பழக்குகிறார். அதில் நல்ல பேர் உண்டு, சம்பளம் கிடையாது.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. தொழிலாளர் சட்டத்தைத் திருத்தப் பார்லிமெண்டில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. விமானப் பணியாளர் சங்கம் வருஷக்கணக்காக அலைந்து அந்த வரைவில் பதினான்காம் பிரிவு என்று ஒன்றை நுழைத்திருந்தது. விளக்கு எரிந்தால் ஊழியரும் உட்காரலாம்; வேலையில் அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, தேறும் வரை தரையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பிரிவு. அதை எடுத்துவிடும்படி கம்பெனி குழுவை நெருக்கிக்கொண்டிருந்தது. எடுப்பதா வைப்பதா என்பது குழுத் தலைவர் இலாயிதியாவின் கையில் இருந்தது.

சங்கத்துக்குத் தலைவி வாசெமாதா. செயலாளர் ரோனேஷ் கவுண்டர். நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த குடும்பத்தில் தமிழ் என்று மிஞ்சியது அந்தக் கவுண்டர் ஒன்றுதான். அவனும் விமானத்தில் வேலை பார்ப்பவன். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் செய்ய மாட்டான், வீட்டுக் கதவைப் பூட்டினால்கூட எதிரே யாராவது நின்று கட்டைவிரலை உயர்த்த வேண்டும். தலைவரைத் தனியாகப் பார்க்க நேரம் வாங்கி, வாசெமாதாவைக் காரில் ஏற்றிக்கொண்டு தலைநகர் சுவாவுக்குப் புறப்பட்டான். வழி நெடுக அவளுக்குப் பாடம் எடுத்தான்.

"அக்கா, முதல்ல வணக்கம். அப்புறம் முதுகு. அப்புறம் பிரிவு. நடுவுல சிரிக்கக் கூடாது."

"நான் எங்கடா சிரிக்கறேன்?"

"இப்பகூடச் சிரிக்கறீங்க."

அவள் வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். உண்மைதான்.

சுவாவில் வழக்கம்போல மழை. இலாயிதியா அறை வாசலுக்கே வந்து வரவேற்றார். பெரிய உருவம், இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றிய சாம்பல் நிற சுலு, அதற்கு மேலே இறுக்கிக் கட்டிய டை. முகத்தில் அரசாங்கக் களை சொட்டியது. ரோனேஷுக்கு நம்பிக்கை வந்தது. இவர் கேட்பார், குறித்துக்கொள்வார், யோசிப்பார் என்று தோன்றியது.

"உட்காருங்கம்மா. எந்த ஊர் நீங்க?"

இந்தத் தேசத்தில் யாரும் இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்க மாட்டார்கள். வாசெமாதாவும் யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"வைலோமா தீவுங்க."

தலைவரின் முகத்தில் இருந்த அரசாங்கம் அப்படியே கழன்று விழுந்தது.

"வைலோமாவா? ஆமைன்னு நெனச்சு பாறையைச் சுட்டுத் தின்ன கூட்டமா நீ?"

ரோனேஷ் பதறிப்போய்ப் பாதி எழுந்துவிட்டான். ஆனால் வாசெமாதாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"யோவ், நீ நாதுருவா?"

"நாதுருதான்."

"அதானே பார்த்தேன். படகைத் திருப்பிப் போட்டு அதுக்குள்ள சாமி கும்பிட்டவங்க புள்ளைக்கு டை ஒரு கேடா?"

வைலோமாவும் நாதுருவும் தவுவு உறவு. இரண்டு தீவுக்கும் ஆதிமூதாதை ஒருவர்தான் என்பதால் வந்த பந்தம். மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் கால்தூசிக்கு வராது. தவுவு தவுவைப் பார்த்தால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். ஒருவர் பொருளை மற்றவர் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம், பறிகொடுத்தவர் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று, கோபப்படுவது. தவுவிடம் கோபப்பட்டவரின் பேர் ஊரில் மூன்று தலைமுறைக்கு நாறும்.

"தவு, இந்த முதுகு இருக்கே..." என்று வாசெமாதா ஆரம்பித்தாள். தவுவைத் தவு என்றுதான் கூப்பிட வேண்டும்.

"முதுகா? வைலோமாவுல முதுகுன்னு ஒண்ணு படுக்கறதுக்குத்தானே."

"பெல்ட் கட்டியிருக்கேன், பாரு."

"இதைக் கட்டலைன்னா தொப்பை கீழ விழுந்துடுமோ?"

வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் தீவுக்கே கேவலம். அவள் அவருடைய சித்தப்பன்களை இழுத்தாள். அவர் அவளுடைய அத்தைகளை இழுத்தார். சத்தம் கேட்டு உதவியாளர் அம்மாள் எட்டிப் பார்த்து, விஷயம் புரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கொடுத்த நேரம் முழுக்க இப்படியே கழிந்தது. இலாயிதியா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, ரோனேஷின் மனைவி சங்கத்தின் சார்பில் கொடுத்தனுப்பிய மரவள்ளிக் கேக்கைத் தட்டோடு எடுத்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார். பதிலுக்கு வாசெமாதா கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவருடைய குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"நாளான்னிக்குப் பொது விசாரணைல பார்ப்போம், பாறை தின்னி" என்று பின்னாலிருந்து அன்பாகக் கூப்பிட்டார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் ரோனேஷ் சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"குடை கெடச்சது. பதினாலாம் பிரிவு?"

"நான் சொல்ல ஆரம்பிச்சேன்டா."

"எங்க சொன்னீங்க? அவர் தாத்தா கோழி திருடினதைச் சொன்னீங்க."

அவள் குடையை மடியில் வைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து முதுகு பற்றி எரிந்தது. அப்போதுதான் விஷயம் அவளுக்கு முழுசாக உறைத்தது. உலகத்தில் எந்தத் தலைவர் வந்திருந்தாலும் அவள் பேச்சைக் கேட்கவாவது செய்திருப்பார். தவுவால் கேட்க முடியாது. வலிக்கிறது என்றால் அது கேலி. வேலை போகப்போகிறது என்றால் அது இன்னும் நல்ல கேலி. அழுதால் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால்தான் அவளை அவமதித்ததாக ஆகும். பாவம், அந்த மனுஷனையும் குற்றம் சொல்ல வழியில்லை.

"இப்படி ஒரு உறவு எதுக்குக்கா? அவர் மேல கோபப்படவும் முடியாது, அழவும் முடியாது. இதுல நமக்கு என்னதான் உரிமை இருக்கு?"

"எதை வேணா எடுத்துக்கலாம்."

"அப்ப பிரிவை எடுத்துக்குங்க."

"அது என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தாடா?"

ரோனேஷ் பெருமூச்சு விட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பொது விசாரணை அன்று சங்கத்துப் பெண்கள் சீருடையில் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பூ காதோரம். அறைக்குள் நுழைந்ததும் ஒருத்தி விடாமல் எல்லோரும் வெளியேறும் கதவு எங்கே என்று பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய வியாதி. டீ கொண்டுவந்த கிழவர் தள்ளுவண்டியோடு வாசற்படியில் சிக்கித் தவித்தார். அடுத்த நிமிஷம் வண்டி உள்ளே வந்துவிட்டது, குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் டீ போய்விட்டது, சர்க்கரை வேண்டாதவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. தங்களை வேலை வாங்குகிறார்கள் என்று முறையிட வந்தவர்கள்தான் இத்தனையும் செய்தது. ரோனேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

கம்பெனி பிரிஸ்பேனிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தது. பேர் ப்ராக்டர். ஒல்லியான மனிதர், விலை உயர்ந்த தோல்பை, அதைத் தரையில் வைக்கக்கூட மனசு வராமல் மடியிலேயே வைத்திருந்தார். முதலில் அவர்தான் பேசினார். கோரல் ஏர் ஒரு குடும்பம் என்றார். குடும்பத்துக்குள் சட்டம் எதற்கு என்றார். விமானம் லேசாகக் குலுங்குவது இயற்கை, அதில் யாருக்கும் பெரிய அடி படுவதில்லை, ஓய்வு பிடித்துப்போன சிலர் முதுகைக் காரணம் காட்டுகிறார்கள் என்று முடித்தார். வாசெமாதாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைக்கவும் செய்தார்.

அடுத்து அவள் முறை. சாட்சி சொல்பவர் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். வக்கீல் பேசிய நேரம் முழுக்கச் சுவர் ஓரத்தில் நின்றிருந்ததால் அவளுக்கு இடது கால் மரத்துப்போயிருந்தது. உட்கார்ந்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். எதிரில் நிறைய பேர் இருந்தால் அவளுக்கு உட்கார வராது. மைக்கைப் பிடித்தாள். முகத்தில் சிரிப்பு தானாக வந்து ஏறிக்கொண்டது.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே."

"யார் அது? வைலோமாவுல மரியாதை எப்ப விளைய ஆரம்பிச்சது?" என்றார் இலாயிதியா.

அறை கொல்லென்று சிரித்தது. குழுவில் பாதிப்பேர் தீவுக்காரர்கள், தவுவு என்றால் என்னவென்று அறிந்தவர்கள். பத்திரிகைக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். ப்ராக்டர் மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் விழித்தார்.

வாசெமாதா மறுபடி ஆரம்பித்தாள். அன்றைக்கு விமானம் இறங்கிய இறக்கத்தைச் சொன்னாள். "நீ ஏறினா எந்த விமானம்தான் இறங்காது" என்றார் அவர். ட்ராலி விழுந்ததைச் சொன்னாள். "ட்ராலிக்கு அடி பலமா?" என்றார். அவள் பதிலுக்குக் கொடுத்தாள், கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்த பதில் நன்றாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. விசாரணை கல்யாண வீடாக மாறிப்போனது. ரோனேஷின் முகம் வெளுத்துவிட்டது. பதினான்காம் பிரிவு இவர்கள் சிரிப்பிலேயே கரைந்து போய்க்கொண்டிருந்தது, அதைக் கரைக்கிறவள் சங்கத் தலைவியேதான்.

அவளுக்கு இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்சாரம் ஓடியது. இனி ஒரு நிமிஷம் நிற்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எங்கேயாவது உட்கார வேண்டும், விழுவதற்கு முன்னால் உட்கார வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தது மேடையில் இருந்த தலைவரின் நாற்காலிதான். நல்ல வெசி மரம், அகலமான கைப்பிடி.

மைக்கை விட்டுவிட்டு மேடை ஏறினாள்.

"எழுந்திரு. இந்த நாற்காலி எனக்குப் புடிச்சிருக்கு, எடுத்துக்கறேன்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. இலாயிதியா எழுந்து, சுலுவைச் சரிசெய்துகொண்டு, சபைக்கு முன்னால் குனிந்து நாற்காலியைக் காட்டினார். தவுவு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவள் உட்கார்ந்தாள். பிறகு அவருக்கு வேறொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் நின்றபடியே சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்துக் களைத்தார்.

"சரி தவு, ஊர் சிரிச்சாச்சு. இப்ப எழுந்திரு, விசாரணை நடக்கணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்த வேகத்தில் முதுகு ஏதோ ஒரு இடத்தில் பூட்டிக்கொண்டுவிட்டது. மூச்சைப் பாதிதான் இழுக்க முடிந்தது.

"எழுந்திருக்க முடியல தவு."

"அதானே, வைலோமாக்காரி உட்கார்ந்தா எழுந்த சரித்திரம் உண்டா?"

மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையிலேயே மிக அழகான சிரிப்பு அவளுடையதுதான். பயணிகள் பார்க்கிறார்கள், முகம் மாறக் கூடாது. அவளுக்கு அப்போது தன் முகத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட முகம், ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறதே என்று.

இலாயிதியா ஆட்டத்தை முடித்துவைக்க நினைத்தார். முன்னால் வந்து, "வா, நானே இழுத்து விடறேன்" என்று அவள் கையைப் பிடித்தார்.

பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கை பனிக்கட்டியாக இருந்தது. வேர்வையில் நனைந்திருந்தது. விரல்கள் அவருடைய விரல்களை நொறுக்கிவிடுவது போல் இறுக்கின. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு. கையைப் பார்த்தார், நடுக்கம். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இது நிஜமா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்து மடிப்பில் நின்றது.

"சிரிக்கறதை நிறுத்துங்க" என்றார் இலாயிதியா, சபையைப் பார்த்து.

அதற்குள் ரோனேஷ் மேடை ஏறிவிட்டான். இப்படிப் பூட்டிக்கொண்டால் நிமிர்த்தக் கூடாது, இருக்கிற மாதிரியே தூக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவனுக்குத் தெரியும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வழியை ஒதுக்கத் திரும்பினான். திரும்பி வாயைத் திறந்தபோது அவன் குரல் அவன் கட்டுப்பாட்டில் இல்லை. வருஷா வருஷம் விமானத்தைக் காலிசெய்யும் பயிற்சியில் கத்திக் கத்திப் பழகிய குரல் அது, அவசரம் என்றால் அது ஒன்றைத்தான் கத்தும்.

"எல்லாரும் வெளிய வாங்க. இந்தப் பக்கம். பையை எடுக்காதீங்க. ஹீல்ஸைக் கழட்டுங்க."

சங்கத்துப் பெண்கள் யோசிக்கவே இல்லை. கதவுக்கு இருபுறமும் போய் நின்று கைகளை நீட்டி அதையே திருப்பிக் கத்த ஆரம்பித்தார்கள். அந்தக் குரலுக்கு எதிரே மனுஷனுக்குச் சொந்த புத்தி வேலை செய்யாது. குழு உறுப்பினர்கள் வரிசையாக வெளியேறினார்கள். சட்டத்துறை அதிகாரி அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். பத்திரிகைக்காரர்கள் மழையில் போய் நின்றுவிட்டு, எதற்கு நிற்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ப்ராக்டர் தோல்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

"பையைப் போடு," என்று ஒருத்தி அவர் காதருகே கத்தினாள்.

ப்ராக்டர் பையைப் போட்டார். அநேகமாக அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவை. கை இரண்டும் காலியாக நின்றவரை ரோனேஷ் பார்த்தான்.

"நீங்க பின்கால், இடது. வாங்க."

முன்னால் ஒரு பக்கம் இலாயிதியா, மறுபக்கம் ரோனேஷ். பின்னால் ப்ராக்டரும் டீக் கிழவரும். நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். வெசி மரம் லேசான மரமில்லை, வாசெமாதாவும் லேசான பெண்மணி இல்லை. பார்லிமெண்ட் படிகளில் ஊர்வலம் இறங்கியது. சாமி புறப்பாடு மாதிரி இருந்தது, மேளம்தான் இல்லை. பாதிப் படியில் ப்ராக்டருக்கு மூச்சு முட்டியது.

"ஒரு நிமிஷம், கை நழுவுது. ரொம்பக் கனம்."

"மெதுவாப் புடிங்க ஐயா" என்றார் இலாயிதியா, திரும்பாமலே. "உங்க கணக்குப்படி இவங்களுக்கு ஒண்ணுமில்ல. இறக்கி விட்டா நடந்துருவாங்க. விட்டுறலாமா?"

ப்ராக்டர் பிடியை இறுக்கிக்கொண்டார். மழையில் நின்றிருந்த பத்திரிகைக்காரர்களுக்கு இப்போது எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டது. கோரல் ஏர் வக்கீல், யாருக்கும் அடிபடவில்லை என்று சொன்ன வாய் காய்வதற்குள், அடிபட்டவளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். எல்லாக் கேமராவும் அவர் பக்கம் திரும்பின. நல்ல மனிதர்தான், அந்தப் படத்தில் நிஜமாகவே கவலையோடு இருந்தார்.

கீழே நாற்காலியை இறக்கிவைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது இலாயிதியா தன் கோட்டைக் கழற்றி அவள் தலைக்கு மேலே பிடித்தார். ஈரத்தில் டை சுருண்டு போயிருந்தது.

"அம்மா, என்னை மன்னிச்சுக்கணும் நீங்க" என்றார்.

வாசெமாதாவுக்கு முதுகு வலியைவிட அது அதிகமாக வலித்தது.

"நீங்கன்னு சொல்லாத தவு. செத்துப்போன மாதிரி இருக்கு."

"இல்லம்மா. அன்னிக்கு என் ரூமுக்கு வந்தப்பவே நீங்க சொன்னீங்க. நான் சிரிச்சேன். இன்னிக்கும் சிரிச்சேன். அந்தப் பிரிவு நிறைவேறற வரைக்கும் நான் உங்களுக்குத் தவுவு இல்ல. தலைவர் மட்டும்தான்."

"நிறைவேறலைன்னா?"

"நிறைவேறலைன்னா உங்களைக் கிண்டல் பண்ற யோக்யதை எனக்கு இல்ல. கடைசி வரைக்கும் மேடம்தான்."

வெளியாட்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தீவுக்காரிக்கு அப்படியில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். தவுவு ஒருவர் வாழ்நாள் முழுக்க மேடம் என்று கூப்பிட்டுக் கும்பிட்டால், அந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்தச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போவது? ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போது அவர் கைகட்டி நின்றார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் வைத்திருந்துவிட்டு நாடியிலுள்ள வீட்டுக்கு அனுப்பினார்கள். குழு ஓட்டெடுக்கும் நாள் மாதக் கடைசியில் வந்து நின்றது. கம்பெனி புதிதாக வேறு வக்கீலை அனுப்பியிருக்கிறது என்று ஒரு பேச்சு. குழுவில் இரண்டு பேர் கம்பெனி பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. இலாயிதியாவின் அலுவலகத்திலிருந்து தினமும் உதவியாளர் அம்மாள் போன் செய்து, மேடம் நலமா என்று தலைவர் விசாரிக்கச் சொன்னார் என்பாள். அந்த மேடத்தைக் கேட்கும்போதெல்லாம் வாசெமாதாவுக்குச் சாப்பாடு இறங்காது.

ஓட்டெடுக்கும் நாளன்று ரோனேஷ் வந்து கட்டில் அருகே முக்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். ரேடியோவில் ரக்பியைத் தவிர எதுவும் வரவில்லை. வைசாக்கே வாசலில் நின்று, ரக்பி ஓடியும் அதைக் கேட்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்கள் சமையலறையில் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவினார்கள்.

போன் அடித்தது. ரோனேஷ் எடுத்துக் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினான்.

"அவரேதான் பேசறாரு."

வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் பெரிய மூச்சு கேட்டது, தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. மேடம் என்று வருமோ என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்டி, உங்க வைலோமாவுல அலையை எண்ணி முடிச்சாச்சா, இல்ல உங்க மாமன் இன்னும் கரையிலயே குந்தியிருக்கானா?"

வாசெமாதாவின் உதடு கோணியது, மூக்கு சிவந்தது, முகம் மொத்தமும் குழந்தை முகமாக உடைந்தது. இத்தனை வருஷத்தில் ரோனேஷ் அவள் அழுது பார்த்தது கிடையாது. அவன் பயந்து எழுந்துவிட்டான்.

"என்னக்கா? என்ன சொல்றாரு?"

"திட்டறாருடா" என்றாள்.

வாசலில் நின்ற வைசாக்கே அதைக் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். போனில் இலாயிதியா விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூச்சை முழுசாக இழுத்து, அவருடைய கொள்ளுத்தாத்தாவிலிருந்து ஆரம்பித்தாள்.